இடுக்கண் காலமும் இடித்துரைப்போரும்

நாட்டை ஆள்வோரின் ஆற்றல் அமைதிக் காலத்தில் முழுமையாக வெளிப்படுவதில்லை. வெள்ளமோ பஞ்சமோ போரோ வந்துற்ற வேளையிலேதான் தலைமையின் உறுதியும் தளர்ச்சியும் மக்களுக்குப் புலனாகின்றன. ஆட்சியைக் குறைகூறுவோரின் தரமும் அத்தகைய வேளையிலேயே உரைகல்லில் இடப்படுகிறது. இதனைப் பலரும் எளிதில் மறந்துவிடுவர். அரசனுக்கு இடித்துரைப்பார் வேண்டும் என்பது பழந்தமிழர் கண்ட அரசியல் நெறி. ஆனால் இடித்துரைப்பாருக்கும் ஒரு கடமை உண்டன்றோ? அக்கடமை யாது என்பதே இங்கு ஆராயப்படும் வினா. அதற்குச் சான்றாக, 2004 ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின் இலங்கையின் ஜனாதிபதியாக விளங்கிய சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க அவர்கள் மேற்கொண்ட ஒரு முயற்சியும், நாட்டின் பழைமை பேணும் தரப்பினர் அதனை எதிர்த்த வரலாறும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பிரதேசத்தில், கொட்டியாரக் குடாவிற்குத் தெற்கே, கடலை விட்டு உள்ளே ஒதுங்கிக் கிடக்கும் ஊர் கிளிவெட்டி. நெல்வயல்களை நம்பி வாழும் ஊர் அது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் காலையில் எழுந்த பேரலை அவ்வயல்களை எட்டவில்லை. ஆனால் அதே காலையில், மூதூர், கிண்ணியா முதலிய கரையோர ஊர்களைக் கடல் வாரிச் சென்றது. திருகோணமலை மாவட்டத்தில் மாத்திரம் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று கடல் வேறுபாடு பார்க்கவில்லை. நாடு முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் கரைகளில் வாழ்ந்தவர்கள். அம்பாறை மாவட்டமே எல்லாவற்றிலும் பெரிய இழப்பைச் சந்தித்தது.

அன்று ஜனாதிபதி நாட்டில் இல்லை. விடுமுறையைக் கழிக்கப் பிரித்தானியா சென்றிருந்தார். செய்தி அறிந்து திரும்பினார். அவர் எதிர்கொண்ட இடர் இரு மடங்கானது. கடல் அழித்த கரையின் ஒரு பகுதி அரசின் ஆட்சியில் இருந்தது. மற்றொரு பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. 2002 ஆம் ஆண்டு பெப்ரவரி 22 ஆம் நாள் கையொப்பமான போர்நிறுத்த உடன்படிக்கை அவ்விரு பகுதிகளுக்கும் இடையே இருந்த கோட்டை ஒப்புக்கொண்டிருந்தது. முல்லைத்தீவின் கரை அக்கோட்டிற்கு அப்பால் இருந்தது. மூதூருக்குக் கிழக்கே சம்பூரும் அவ்வாறே. வெளிநாடுகள் பெருந்தொகைப் பணத்தைத் தருவதாக வாக்களித்தன. அப்பணம் எந்த வழியாக, யார் கையினால், எந்தக் கரைக்குச் செல்வது? 2005 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகம் கோபி அனான் இலங்கைக்கு வந்தபோது, புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வடபகுதியையும் பார்க்க விரும்பினார். அரசு அதற்கு இசையவில்லை. உதவி செல்லும் பாதை எத்துணை இடுக்கமானது என்பதை அந்நிகழ்ச்சியே உணர்த்திற்று.

இச்சிக்கலுக்கு விடையாக எழுந்ததே மக்கள் வழக்கில் ‘பொதுக்கட்டமைப்பு’ என்று பெயர் பெற்ற ஏற்பாடு. நோர்வே நாட்டின் அனுசரணையோடு பேசி, 2005 ஆம் ஆண்டு ஜூன் 24 ஆம் நாள் அரசும் விடுதலைப் புலிகளும் அதில் கையொப்பமிட்டனர். அது மூன்று படிகளைக் கொண்டது. உச்சியில் அரசு, புலிகள், முஸ்லிம் கட்சிகள் ஆகிய மூன்று தரப்பினரின் பிரதிநிதிகள் மூவர் அமர்ந்த உயர்மட்டக் குழு. இடையில் கிளிநொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிராந்தியக் குழு. அதன் பத்து உறுப்பினர்களுள் ஐவர் புலிகளின் நியமனம், மூவர் முஸ்லிம்களின் நியமனம், இருவர் அரசின் நியமனம். அடியில் அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, முல்லைத்தீவு, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் ஆகிய ஆறு மாவட்டங்களின் குழுக்கள். வெளிநாட்டு உதவியைப் பெறுவதற்குப் பிராந்திய நிதியம் ஒன்று. இந்த ஏற்பாட்டின் எல்லை, கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீற்றர் அளவிலான நிலப்பரப்பு. ஓராண்டுக்கே வகுக்கப்பட்ட ஏற்பாடு இது. நாட்டைப் பிரிப்பதற்கோ போரை முடிப்பதற்கோ வகுத்ததன்று. வீடும் கிணறும் வள்ளமும் பள்ளிக்கூடமும் மீண்டும் எழுவதற்கு வகுத்தது.

இதனை எதிர்த்தோர் யார்? முதலாவதாக ஜாதிக ஹெல உறுமய. 2004 ஏப்ரல் தேர்தலில் பௌத்த பிக்குமாரையே வேட்பாளராக நிறுத்தி, ஒன்பது ஆசனங்களை வென்ற கட்சி அது. பௌத்த சமயத்தின் முதன்மையும் ஒற்றையாட்சியின் கட்டுக்கோப்பும் சிறிதும் நெகிழலாகாது என்பது அதன் கொள்கை. பழைமை பேணுவோர் என்ற பெயர் அதற்கு முற்றும் பொருந்தும். அதன் உறுப்பினரான ஓமல்பே சோபித தேரர், 2005 ஜூனில் கண்டித் தலதா மாளிகையின் முன்னிலையில் சாகும்வரை உண்ணாநோன்பு தொடங்கினார். இரண்டாவதாக மக்கள் விடுதலை முன்னணி. கொள்கையால் அது இடதுசாரிக் கட்சி. ஆயினும் ஒற்றையாட்சி என்னும் விடயத்தில் பழைமை பேணுவோரின் அணியிலேயே நின்றது. 39 உறுப்பினர்களைக் கொண்டிருந்த அக்கட்சி, ஜூன் 16 ஆம் நாள் ஜனாதிபதியின் கூட்டரசிலிருந்து வெளியேறிற்று. 225 ஆசனங்கள் கொண்ட பாராளுமன்றத்தில் 105 ஆசனங்களுடனேயே ஆட்சி அமைத்திருந்த கூட்டமைப்பு, ஒரே நாளில் மேலும் மெலிந்தது. இவற்றை அறிந்தும் ஜனாதிபதி எட்டு நாள்களின் பின் உடன்படிக்கையைக் கையொப்பமிடச் செய்தார். ஆட்சி ஆட்டங்காணினும் செய்வதைச் செய்வேன் என்ற அவரது துணிவை அவருடைய எதிரிகளும் மறுக்கவில்லை.

எதிர்த்தோரின் வாதங்கள் மூன்று. ஆயுதம் ஏந்திய ஓர் இயக்கத்தை அரசுக்குச் சமமான தரப்பாக உட்கார வைப்பது, நாட்டின் இறைமையை விட்டுக்கொடுப்பதாகும் என்பது முதல் வாதம். பாராளுமன்றத்தின் கட்டுப்பாட்டிற்கு உட்படாத ஒரு நிதியத்தைத் தோற்றுவிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்பது இரண்டாவது. இடுக்கணைக் காரணமாகக் காட்டி ஜனாதிபதி தமக்கில்லாத அதிகாரத்தைக் கையாள்கிறார் என்பது மூன்றாவது.

இவ்வாதங்களை வெறும் இனப்பகை என்று ஒதுக்கிவிடுதல் நீதியாகாது. பொதுமக்களின் பேரால் வரும் பணம் பொதுமக்களின் மன்றத்திற்குக் கணக்குக் காட்டல் வேண்டும் என்பது எந்த நாட்டிற்கும் பொருந்தும் நெறி. தேர்தலைச் சந்திக்காத ஓர் ஆயுத இயக்கத்தின் நியமனத்தவர் பிராந்தியக் குழுவில் பாதி இடத்தைப் பெறுவது குறித்து ஐயுற்றோர் எல்லாரும் தமிழரின் பகைவர் அல்லர். தமிழ் மக்களுள்ளும் அவ்வியக்கத்தின் கெடுபிடிக்கு அஞ்சியோர் பலர் இருந்தனர். ஆகவே குறைகூறியோர் எழுப்பிய வினா மெய்யான வினாவே.

ஜனாதிபதியின் பக்கத்திலும் குறைகள் இருந்தன. அவற்றுள் முதலாவது காலதாமதம். பேரலை டிசம்பரில் வந்தது. உடன்படிக்கை அடுத்த ஜூனில் வந்தது. துயரம் புதிதாக இருந்த முதல் வாரங்களில், நாடெங்கும் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவருக்கொருவர் சோறும் உடையும் கொடுத்து நின்ற அந்த நாள்களில், அரிய செயல்கள் எளிதாகி இருந்தன. ஆறு மாதங்கள் கழிந்ததும் அரசியல் தன் பழைய ஆசனத்தில் மீண்டும் அமர்ந்துவிட்டது.

இரண்டாவது குறை முஸ்லிம்களைப் பற்றியது. கல்முனை தொடக்கம் கிண்ணியா வரை பேரலையில் மிகுதியாக மாண்ட சமூகத்தவர் அவர்கள். குழுக்களில் அவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஆனால் உடன்படிக்கையின் கையொப்பத் தரப்பாக அவர்கள் அழைக்கப்படவில்லை. ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் இதனை வன்மையாகக் கண்டித்தது. மூதூர்க் கரையின் துயரத்திற்கு மருந்து தேடிய ஏட்டில், அக்கரையின் பெரும்பகுதி மக்களின் கையொப்பம் இல்லாமற்போனது சிறிய தவறன்று.

மூன்றாவது குறை ஜனாதிபதியின் சொந்தக் கடந்தகாலம். 2003 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆம் நாள், பிரதமர் ரணில் விக்கிரமசிங்க அமெரிக்காவில் இருந்த வேளையில், பாதுகாப்பு, உள்நாட்டலுவல்கள், தகவல் ஆகிய மூன்று அமைச்சுகளையும் அவர் தம் கையில் எடுத்துக்கொண்டார். பாராளுமன்றக் கூட்டத்தையும் தள்ளிவைத்தார். நாட்டின் பாதுகாப்பு ஆபத்திற்குள்ளாயிற்று என்பதே அதற்கு அன்று கூறப்பட்ட காரணம். புலிகள் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபை ஒன்றிற்கான யோசனையை முன்வைத்த சில நாள்களிலேயே அது நிகழ்ந்தது. அதன் பின் மக்கள் விடுதலை முன்னணியோடு கைகோத்தே 2004 தேர்தலை அவர் வென்றார். இறைமை என்னும் வாளைத் தாமே தீட்டி மற்றவர்மேல் ஓங்கியவர், பத்தொன்பது மாதங்களின் பின் அதே வாள் தம்மேல் பாய்வதைக் கண்டார். முன்னொரு நாள் எதிராளியை வீழ்த்தக் கையாண்ட வாதத்தைப் பின்னொரு நாள் மறுப்பது எந்தத் தலைவருக்கும் எளிதன்று.

இத்தனை குறைகளையும் ஒப்புக்கொண்ட பின்னும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. பொதுக்கட்டமைப்பு வேண்டாம் என்றால், சம்பூர்க் கரையிலும் முல்லைத்தீவுக் கரையிலும் கூடாரத்தில் இருந்தவனுக்கு வீடு எவ்வழியாக வந்து சேரும்? இதற்கு எதிர்த்தோரிடம் நடைமுறைக்கு உகந்த விடை இருக்கவில்லை. அரசு தானே செய்யும் என்றனர். அரசின் உத்தியோகத்தர் அந்தக் கோட்டைத் தாண்டிச் சென்று, அங்கே ஆண்டவரின் இசைவின்றி ஒரு செங்கல்லையும் வைத்தல் இயலாது என்பதை அவர்களும் அறிவர். நிதியத்தின் கணக்கில் ஐயம் என்றால், அக்கணக்கைப் பாராளுமன்றத்தின் முன் வைக்கும் திருத்தம் ஒன்றைக் கோரியிருக்கலாம். பிராந்தியக் குழுவின் அமைப்பில் அநீதி என்றால், முஸ்லிம்களுக்கும் ஏனையோருக்கும் கூடுதல் இடம் கேட்டிருக்கலாம். அவர்கள் கோரியது திருத்தமன்று, நீக்கம். குறைகூறுதலின் நோக்கம் கப்பலின் ஓட்டையைக் காட்டுவதாயின் அது தொண்டு. கப்பலே கரையை விட்டுப் புறப்படலாகாது என்பதாயின் அதற்கு வேறு பெயர்.

வழக்கு உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது. மக்கள் விடுதலை முன்னணியின் பாராளுமன்ற உறுப்பினர்கள் தொடுத்த வழக்கில், 2005 ஜூலை 15 ஆம் நாள் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. உடன்படிக்கை முழுவதையும் அது தள்ளிவிடவில்லை. பிராந்திய நிதியம், கிளிநொச்சியில் குழு அமைதல் முதலிய முக்கிய ஏற்பாடுகளையே நிறுத்தி வைத்தது. ஆயினும் உயிர்நாடி நின்றபின் உடல் இயங்குமோ? ஆகஸ்ட் 12 ஆம் நாள் வெளிநாட்டமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் சுட்டுக் கொல்லப்பட்டார்; நாட்டில் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. அதே மாத இறுதியில், ஜனாதிபதித் தேர்தல் அவ்வாண்டிலேயே நடைபெற வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்றாம் முறை போட்டியிடச் சந்திரிகா அவர்களுக்கு உரிமையில்லை. அவருடைய கட்சியின் வேட்பாளர் மஹிந்த ராஜபக்ஷ, மக்கள் விடுதலை முன்னணியோடும் ஜாதிக ஹெல உறுமயவோடும் உடன்பாடு செய்து, பொதுக்கட்டமைப்பைக் கைவிடுவதாக வாக்களித்தார். நவம்பர் 17 ஆம் நாள் நடைபெற்ற தேர்தலில் ஏறத்தாழ 1,80,000 வாக்குகளே கூடுதலாகப் பெற்று வென்றார். வடக்கில் தமிழர் வாக்களியாமல் புலிகள் தடுத்ததும் அம்முடிவிற்கு ஒரு காரணமாயிற்று. பொதுக்கட்டமைப்பை எதிர்த்தோரும் அதில் கையொப்பமிட்டோரும் சேர்ந்தே அதனைப் புதைத்தனர் என்பது வரலாற்றின் கசப்பான உண்மை.

அடுத்த ஆண்டே திருகோணமலை மாவட்டத்தில் போர் மூண்டது. 2006 ஜூலையில் புலிகள் மாவிலாற்றின் அணைக்கதவை மூடினர். வயலுக்கு நீர் இல்லாது மூவின உழவரும் தவித்தனர். படையினர் முன்னேறினர். ஆகஸ்ட் முதல் வாரத்தில் மூதூர் நகரம் போர்க்களமாயிற்று. அங்குள்ள முஸ்லிம் மக்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாயை நோக்கி நடந்தனர். ஆகஸ்ட் 4 ஆம் நாள், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் மூதூரில் கொல்லப்பட்டனர். பேரலையின் பின் அம்மக்களுக்குத் தொண்டாற்ற வந்திருந்தவர்கள் அவர்கள். சம்பூர் மக்கள் ஊரை விட்டு வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்கு ஓடினர். 2007 மே மாதத்தில் அவர்களுடைய ஊர் உயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. திரும்பி வந்தோர் தம் ஊருக்குப் போக இயலாமல் அமர்ந்த இடங்களுள் ஒன்றே கிளிவெட்டி. கடலலை தொடாத அந்த ஊரில், கடலோரத்து மக்கள் ஆண்டுக்கணக்கில் முகாம்களில் வாழ்ந்தனர். 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேதான் சம்பூர்க் காணிகள் படிப்படியாக அவர்களுக்கு மீண்டன.

பொதுக்கட்டமைப்பு நடைமுறைக்கு வந்திருந்தால் போரே வந்திராது என்று துணிந்து கூறுதல் வரலாற்றாசிரியனின் வேலையன்று. ஆனால் அதே பேரலை, அதே காலையில், மற்றொரு நாட்டில் எதனை விளைவித்தது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கும் ஆயுதப் போராட்டம் நடைபெற்றிருந்தது. 2005 ஆகஸ்ட் 15 ஆம் நாள், பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் இந்தோனேசிய அரசும் ஆச்சே விடுதலை இயக்கமும் சமாதான உடன்படிக்கை செய்தன. அந்நாட்டின் ஜனாதிபதி சுசிலோ பம்பாங் யுதயோனோவும் தேசப்பற்றின் பேரால் பேசியோரின் கண்டனத்திற்கு ஆளானார். ஆனால் அவருடைய துணை ஜனாதிபதி யூசுப் கல்லா, பாராளுமன்றத்தின் மிகப்பெரிய கட்சியான கோல்கரின் தலைவராக இருந்தார். மன்றத்தின் ஆதரவைத் தேடிக்கொண்ட பின்னரே அவர்கள் அடியெடுத்து வைத்தனர். அங்குப் போராளிகளும் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டு ஆயுதத்தை ஒப்படைக்க இசைந்தனர். 2006 ஜூலையில் ஆச்சேக்கான ஆட்சிச் சட்டம் நிறைவேறிற்று. இலங்கையில் மன்றத்தின் ஆதரவும் இல்லை. ஆயுதத்தைக் கைவிடும் மனமும் இல்லை.

எதிர்க்கட்சி என்பது இடுக்கணில் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதற்கு மற்றுமொரு சான்று அமெரிக்க வரலாற்றில் உண்டு. 1940 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை எதிர்த்துப் போட்டியிட்டவர் குடியரசுக் கட்சியின் வெண்டல் வில்கி. ரூஸ்வெல்ட்டின் பொருளாதாரத் திட்டங்களைக் கடுமையாகச் சாடியவர் அவர். தோல்வியுற்ற சில வாரங்களிலேயே, குண்டுவீச்சுக்கு உள்ளாகிக் கிடந்த பிரித்தானியாவை நேரிற் சென்று பார்த்தார். திரும்பி வந்து, அந்நாட்டிற்கு உதவும் ரூஸ்வெல்ட்டின் மசோதாவை ஆதரித்துச் செனற் சபைக் குழுவின் முன் சாட்சியமளித்தார். அவருடைய கட்சியினர் பலர் அவரை வெறுத்தனர். 1941 மார்ச் 11 ஆம் நாள் மசோதா சட்டமாயிற்று. வில்கி தம் கொள்கையைக் கைவிடவில்லை. இடரின் அளவைத் தம் கட்சியின் அளவினும் பெரிதாகக் கண்டார், அவ்வளவே.

காலம் தன் பாடத்தை எதிர்பாராத வகையில் கற்பிக்கும். 2005 ஜூன் 16 ஆம் நாள் மக்கள் விடுதலை முன்னணியோடு அரசிலிருந்து விலகிய அமைச்சர்களுள் ஒருவர், அன்று விவசாய அமைச்சராக இருந்த அநுர குமார திசாநாயக்க. 2024 செப்டெம்பரில் அவரே நாட்டின் ஜனாதிபதியானார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தீவைத் தாக்கியது; அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். எச்சரிக்கை உரிய காலத்தில் மக்களைச் சென்றடைந்ததா என்று எதிர்க்கட்சியினர் வினவினர். அன்று வினா எழுப்பியவர் இன்று விடைகூற வேண்டியவரானார். இடித்துரைப்பவனும் ஒருநாள் அந்த ஆசனத்தில் அமரக்கூடும். ஆகவே தான் அமர்ந்திருப்பின் யாது செய்வான் என்பதையும் சேர்த்தே அவன் உரைக்க வேண்டும்.

பொதுக்கட்டமைப்பின் எல்லை இரண்டு கிலோமீற்றர். அந்த எல்லைக்குள் கிளிவெட்டி இல்லை. கொழும்பில் அதனைப் பற்றி நிகழ்ந்த வாதங்களுள் கிளிவெட்டியின் பெயர் ஒலித்திருக்கவும் மாட்டாது. ஆயினும் அவ்வாதங்கள் முடிந்தபின் வந்த சுமையின் ஒரு பங்கை அந்த ஊரே தாங்கிற்று. தலைவர்கள் தாமதித்த நாள்களையும், குறைகூறியோர் மாற்றுவழி காட்டாது விட்ட நாள்களையும், ஆயுதம் ஏந்தியோர் விட்டுக்கொடாத நாள்களையும், முகாமின் தகரக் கூரையின் கீழ் எளிய மக்கள் எண்ணிக் கழித்தனர். இறைமையைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் பேசுவோர் பேசுக. அது அவர்தம் உரிமையும் கடமையுமாம். பேசி முடித்தபின், கரையில் நிற்பவனுக்குச் சோறு எவ்வழியாக வரும் என்னும் வினாவிற்கும் விடை கூறுக. அந்த விடையைக் கையில் ஏந்தி வரும் கண்டனமே நாட்டிற்குத் துணையாகும்.